ஏரிக்காற்றில் கலத்தியா: தெரியுமா உங்களுக்கு?

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு இலைகளையெல்லாம் மேலே தூக்கி நிறுத்திக்கொண்டு, விடிந்ததும் மறுபடி விரித்துவிடும் ஒரு செடி உங்கள் வீட்டு ஹாலிலேயே வளரும் என்பது தெரியுமா? ஒவ்வோர் இலையிலும் பச்சைமேல் வெள்ளிக் கோடு, கரும்பச்சைத் திட்டு, சில வகைகளில் ரோஜா நிற வரி. பல வகைகளில் இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம்! நர்சரியில் கலத்தியா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் நெருங்கிய சொந்தத்துக்கு மரந்தா என்று பெயர். இரண்டுக்கும் பிறந்த வீடு பிரேசிலும் அதைச் சுற்றியுள்ள அமெரிக்க வெப்பக் காடுகளும். வானுயர்ந்த மரங்களுக்கு அடியில், வெயில் சல்லடை போட்டு விழும் தரையில், ஈரக்காற்றிலேயே வாழ்ந்த இனம்.

இந்தச் செடிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. வாங்கிய மாதமே ஓரம் கருகும், சுருளும், கோபித்துக்கொள்ளும் என்பார்கள். எப்படி வளர்ப்பது என்று இணையத்தில் தேடினால் முதல் வரியிலேயே ஈரப்பதக் கருவி வாங்கச் சொல்வார்கள். நம் மதுராந்தகத்துக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கத்தான் வேண்டும்! அந்த அறிவுரை லண்டனிலும் நியூயார்க்கிலும் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. அங்கே வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 20, 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நமக்கோ வங்கக் கடல் நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கல்பாக்கம் பக்கத்துக் கரையில் கிளம்பும் கடற்காற்று பிற்பகலுக்கு மேல் நம் தெருவுக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியே காய மறுக்கிறது, அப்பளம் நமத்துப் போகிறது. அந்தக் காற்றைத்தான் கலத்தியா கேட்கிறது. பணம் கொடுத்து வாங்கச் சொல்லும் பொருள் நமக்கு ஊர்ச் சொத்தாகவே கிடைக்கிறது.

அப்படியானால் இங்கே ஏன் கருகுகிறது? அதைத்தான் வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வதில்லை. நம் ஊரில் இதற்கு எதிரிகள் மூன்று: அக்னி நட்சத்திரத்தின்போது அடிக்கும் மேற்கத்திக் காற்று, ஏசி, போர்த் தண்ணீர். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்குமுன் அந்த இலை தூக்கும் வித்தையைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கொஞ்சம் தடித்து, நிறம் மாறி, முழங்கைபோல ஒரு சின்னத் துண்டு தெரியும். இந்தக் குடும்பத்துச் செடி எதை எடுத்தாலும் இந்த மூட்டு இருக்கும். குடும்ப அடையாளமே அதுதான். மூட்டின் ஒரு பக்கத்துச் செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. பின்னாலேயே தண்ணீரும் புகுந்து செல்கள் புடைக்கின்றன. எதிர்ப்பக்கத்துச் செல்கள் தண்ணீரை விட்டுத் தளர்கின்றன. இலை எழுந்து நிற்கிறது! தசையும் கிடையாது, நரம்பும் கிடையாது. தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றியே தினம் இரண்டு வேளை உடற்பயிற்சி. இரவில் இலைகள் கைகூப்பி நிற்கிற தோற்றத்தால் ஆங்கிலத்தில் இதற்குப் பிரார்த்தனைச் செடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த அதிசயத்தை உலகில் முதலில் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அலெக்சாண்டரின் கடற்படைத் தளபதி ஆந்த்ரோஸ்தனிஸ்! கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய பஹ்ரைன் தீவில், பகலில் விரிந்து இரவில் மூடும் இலைகளைப் பார்த்து வியந்து குறித்தார். அவர் பார்த்தது புளியமரம் என்கிறார்கள். நாம் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அதே புளியமரம்! சாலையோரத் தூங்குமூஞ்சி மரமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அந்தி சாய்ந்ததும் அண்ணாந்து பாருங்கள், அத்தனை இலையும் மடிந்திருக்கும்.

சூரியன் போனதால்தான் மூடுகிறது என்று நினைக்கிறீர்களா? 1729-இல் பிரெஞ்சு வானியலாளர் டி மெய்ரான் தொட்டாற்சுருங்கியைக் கொண்டுபோய் இருட்டில் வைத்தார். வெளிச்சமே இல்லாத இடத்திலும் அது பகல் நேரத்தில் விரிந்தது, இரவு நேரத்தில் மூடியது! செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு முதல் சாட்சியம் அந்த இருட்டறைதான்.

நம் நாட்டுக் கதை இதைவிடச் சுவை. கிழக்கு வங்கத்தில் ஃபரீத்பூர் பக்கம் ஒரு பேரீச்சை மரம், மாலைப் பூசை மணி அடிக்கும் நேரத்தில் தலையைத் தரைக்குத் தாழ்த்தி, காலையில் நிமிர்ந்துகொண்டது. சனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து கும்பிட்டார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் தன் கருவிகளை மரத்தில் பூட்டினார். பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி மரத்தை ஆட்டுகின்றன என்று அளந்து காட்டினார். தாவரங்களின் துடிப்பைப் பதிவதற்கென்றே வாழ்ந்த அந்த மனிதர் 1917-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஆய்வு நிலையம் இன்றும் நடக்கிறது.

சார்லஸ் டார்வின் விடுவாரா! 1880-இல் மகன் ஃபிரான்சிஸோடு சேர்ந்து தாவர அசைவுகளைப் பற்றி ஒரு தடிமனான நூலையே வெளியிட்டார். அதில் நம் கலத்தியாவின் சொந்தக்காரச் செடி ஒன்றும் வருகிறது. காற்றில் பலமாக அலைக்கழிக்கப்பட்ட அந்தச் செடி அடுத்த இரண்டு இரவுகள் சரியாகத் தூங்கவில்லை என்று டார்வின் எழுதினார். இதைப் படித்த பிறகு யாராவது கலத்தியாவை மின்விசிறிக்கு நேர் கீழே வைப்பார்களா? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததே, அந்த மாதிரி நாட்களில் பால்கனித் தொட்டிகளில் முதலில் உள்ளே தூக்க வேண்டியது இதைத்தான்.

ஏன் தூங்குகிறது என்பதற்கு மட்டும் ஒரே பதில் கிடையாது. இரவுக் குளிரிலிருந்து காத்துக்கொள்ள என்றார் டார்வின். நிலா வெளிச்சம் இலையில் பட்டு உள்கடிகாரம் குழம்பாமலிருக்க என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். வாதம் இன்னும் தீரவில்லை. உங்களுக்குத் தேவையான விஷயம் ஒன்று: ராத்திரி இலை எழுந்து நின்றால் செடி நலமாக இருக்கிறது என்று பொருள். பகலில் இலை ஓரங்கள் உட்புறமாகக் குழாய்போல் சுருண்டால் தாகம், அல்லது அனல். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சாயங்காலம் பார்த்துப் பதறித் தண்ணீரைக் கொட்டி வேரை அழுகவிட்ட வீடுகள் ஏராளம்.

சரி, முதல் எதிரி. பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். மேற்கத்திக் காற்று ஓங்கி அடிக்கும் நாளில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும், காற்றில் ஈரம் மளமளவென்று குறையும். கலத்தியாவுக்கு இதமான வெப்பம் 18 முதல் 28 டிகிரி வரை. மார்கழிக் குளிர் நம் ஊரில் அதை ஒன்றும் செய்யாது. சித்திரையும் வைகாசியும்தான் சோதனை. அந்த வாரங்களில் மேற்குச் சன்னலை விட்டு நகர்த்தி, வீட்டின் வடக்கு ஓரத்துக்கோ, பாத்திரம் கழுவும் இடத்துக்கோ, வெளிச்சம் வரும் குளியலறைக்கோ கொண்டுபோங்கள். ஓட்டு வீட்டில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் இருந்தால் அதைவிட மேலான இடம் கிடையாது! நேர் வெயில் எந்த மாதத்திலும் ஆகாது. கோலங்கள் வெளுத்துப்போகும். உங்கள் கையை இலைமேல் நீட்டினால் நிழல் விளிம்பு மங்கலாக விழ வேண்டும்; கத்தி வெட்டாக விழுந்தால் அந்த வெளிச்சம் அதிகம்.

மதுராந்தகம் கோயிலில் ராமானுஜருக்குப் பெரிய நம்பி ஒரு மகிழ மரத்தடியில் தீட்சை அளித்தார் என்பது வைணவ வரலாறு. மகிழ மரத்தின் நிழல் அடர்த்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கலத்தியா பிரேசில் காட்டில் அனுபவித்த வெளிச்சம் ஏறக்குறைய அதுதான். வீட்டில் மகிழ மரம் இருந்தால் அடியில் தொட்டியை வையுங்கள். பூ உதிர்ந்து விழுவது கூடுதல் லாபம்.

தண்ணீர் தெளிப்பானால் இலைமேல் புஸ் புஸ்ஸென்று அடிப்பது உதவும் என்று எல்லோரும் சொல்கிறார்களே? அந்த ஈரம் சில நிமிடங்களில் பறந்துவிடும். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைப்பதும் பார்க்க அழகு, பலன் கொஞ்சம்தான். நான்கைந்து தொட்டிகளைக் கூட்டமாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் விடும் ஆவியை மற்றவை பகிர்ந்துகொள்ளும். செலவில்லாத வழி.

இரண்டாவது எதிரி ஏசி. இதில்தான் பெரிய வேடிக்கை இருக்கிறது! ஏசி அறையைக் குளிர்விக்கும்போதே காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடுகிறது. பிழிந்த தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகச் சுவரை நனைத்துக்கொண்டு வீணாகிறது. நம் கடலோரக் காற்றில் ஓர் இரவில் பல லிட்டர் சேரும். அதில் உப்பு என்பதே அனேகமாகக் கிடையாது! மழைக்கு நிகரான மென்மையான தண்ணீர். செடி இருக்கும் அறையில் ஏசி ஓடுவதால் இலை ஓரம் காய்கிறது. அதே ஏசி வெளியே தள்ளும் தண்ணீரோ அந்தச் செடிக்கு அருமருந்து. குழாயின் கீழ் சுத்தமான வாளி ஒன்று வையுங்கள், செடியை ஏசி காற்று நேராகப் படாத மூலைக்கு மாற்றுங்கள், தீர்ந்தது வழக்கு. காய்ந்த அறையில் இலைக்கு அடியில் மெல்லிய வலை பின்னிக்கொண்டு சிலந்திப்பேன் குடியேறும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் இலையின் இரு பக்கமும் துடைத்தால் அதுவும் போகும், ஜிஎஸ்டி சாலைப் புழுதியும் போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் இலை பளபளக்கும் என்று ஒரு கைவைத்தியம் உலவுகிறது. தயவுசெய்து வேண்டாம்! இலை மூச்சு விடும் துளைகளை அடைத்துவிடும்.

மூன்றாவதுதான் பொல்லாத எதிரி: உப்புத் தண்ணீர். கலத்தியா வேர் உறிஞ்சும் உப்பும் குளோரினும் ஃபுளோரைடும் இலை நுனிக்குப் போய்ச் சேர்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் பறக்கிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. நுனி பழுப்பாகக் கருகுகிறது. ஈரப்பதம் போதவில்லை என்று எல்லோரும் குற்றம் சாட்டும் அந்தக் கருகலில் பாதிக்கு மேல் தண்ணீரின் வேலை என்பது என் கணிப்பு. மாமல்லபுரம் பக்கம் கடலையொட்டிய வீடுகளில் போர் நீர் கரிக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். குளோரின் கலந்த குழாய் நீரை ஓர் இரவு திறந்த பாத்திரத்தில் வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஃபுளோரைடும் உப்பும் பறக்காது.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறோம் அல்லவா? நல்ல எண்ணம்தான். ஆனால் சுத்தத் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் கூடிக் கிடக்கிறது! அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். கலத்தியாவுக்கு மழைநீர், ஏசி நீர், அவசரத்துக்குக் கேன் தண்ணீர்.

தண்ணீரைப் பற்றி மதுராந்தகத்தில் பேசிவிட்டுப் பிளேஸ் துரையைச் சொல்லாமல் போக முடியுமா? 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுப் பகுதிக்குக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ்தான் நம் ஏரி காத்த ராமர் கதையின் துரை. கொட்டும் மழையில் ஏரிக்கரை உடையுமோ என்று நடுங்கி நின்றவருக்கு, வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்பது தெரிந்தது, கரை நின்றது, துரை தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார் என்பது ஊர் சொல்லும் கதை. அதே துரை காலத்தில், 1798-இல், வேடந்தாங்கல் பறவைகளைச் சுடாமல் காக்கும் உரிமை ஊர் மக்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்கிறார்கள். ஊர்க்காரர்கள் ஏன் கேட்டு வாங்கினார்கள்? பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்! அந்த உத்திதான் கலத்தியாவுக்கும்: சத்தைத் தண்ணீரில் மிக மிக நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள். கோழி எருவை அப்படியே கையால் அள்ளிப் போட்டால் நுனி கருகிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி, அதுவும் புதுக் குருத்து விடும் மாதங்களில் மட்டும்.

ஏரி என்றதும் வண்டல் ஞாபகம் வரும். வயலுக்குப் பொன்னான வண்டல் இந்தத் தொட்டிக்கு ஆகாது; இறுகிக்கொண்டு வேரை மூச்சுத் திணற வைக்கும். கோகோபீட், மண்புழு உரம், கொஞ்சம் செம்மண், பெர்லைட் அல்லது ஆற்று மணல், இவ்வளவு போதும். கோகோபீட் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவாமல் போடாதீர்கள், அதிலும் உப்பு உண்டு. மேல்மண் விரலுக்கு லேசாகக் காய்ந்த பிறகு தண்ணீர். அடைமழை மாதங்களில் தண்ணீர்க் குடத்தை மறந்துவிடலாம். அப்போது செடிகள் சாவது வறட்சியால் அல்லவே, தட்டில் தேங்கிய நீரால்தானே.

விடிகாலையில் இலை நுனியில் முத்துப்போல் நீர்த்துளி தொங்கினால் பயப்படாதீர்கள். இரவில் வேர் ஏற்றிய மிச்சத் தண்ணீரைச் செடியே வெளியே தள்ளுகிறது.

இனி குடும்பக் கதை. இந்த அயல்நாட்டுச் சீமாட்டி நமக்கு உறவுக்காரி என்பது தெரியுமா? பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்து, இஞ்சி, பந்தி வாழை, வாசல் கல்வாழை எல்லாம் இவளுடைய பெரிய வகையறா! எட்டுக் குடும்பங்கள் சேர்ந்த ஒரே வரிசை. அவற்றில் கல்வாழைதான் மிக நெருக்கம். புது இலை வாழைக் குருத்தைப் போலச் சுருண்டு வருவது தற்செயல் கிடையாது, ரத்த சம்பந்தம்! அமெரிக்கக் காடுகளில் அந்தச் சுருளுக்குள்ளேயே குடியிருந்து, தின்று, குட்டி போடாத குறையாகக் குடும்பம் நடத்தும் வண்டு இனமே இருக்கிறது. அந்த வண்டுகள் கடித்தது போன்ற தடம் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இஞ்சிக் குடும்ப இலைப் புதைபடிவத்தில்கூடக் கிடைத்திருக்கிறது.

குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் பாட்டிமார் காய்ச்சும் ஆரோரூட் கஞ்சி? அந்தக் கூவைக்கிழங்கு, கலத்தியாவின் கூடப் பிறக்காத அக்காள். டார்வினின் நூலில் தூக்கம் கெட்டுத் தவித்ததும் அதுவேதான்! வங்கதேசத்தின் சில்ஹெட்டில் உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நெய்யும் சீதள் பாய்க்கு உரித்தெடுக்கும் முர்த்தாவும் இதே குடும்பம். 2017-இல் யுனெஸ்கோ அந்தக் கைவினையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொலம்பியாவிலும் பனாமாவிலும் பெரிய கலத்தியா இலையில் சோளமாவு உருண்டையைக் கட்டி வேகவைக்கிறார்கள். இன்னொன்றைக் கேட்டால் படாளம் சர்க்கரை ஆலைக்காரர்களே அதிர்ந்துபோவார்கள்: மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் இந்தக் குடும்பத்துச் செடி ஒன்றின் பழத்தில் இருக்கும் தாமட்டின் என்ற புரதம், எடைக்கு எடை சர்க்கரையைப்போல் 2,000 மடங்குக்கும் மேல் இனிப்பு!

பூவையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் அபூர்வமாகத்தான் பூக்கும். பூவுக்குள் சூல்தண்டு விறைப்பாக வளைந்து பூட்டி வைக்கப்பட்டிருக்கும். தேனீ நாக்கை நீட்டியதும் விசை விடுபட்டு, கண் சிமிட்டும் நேரத்துக்குள் சுருண்டு அடித்து, தேனீ கொண்டுவந்த மகரந்தத்தை வழித்தெடுத்துத் தன்னுடையதை அப்பிவிடும். பொறி ஒரே ஒருமுறைதான் இயங்கும். தேனீ வெறுங்கையோடு வந்திருந்தால் அந்தப் பூவின் கதை முடிந்தது!

ஒரு தகவல் நர்சரியில் சண்டைக்கு உதவும்: 2012-இல் தாவரவியலாளர்கள் கலத்தியாக்களில் 200-க்கும் மேற்பட்டவற்றைப் பிரித்து கோப்பர்ட்டியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். மயில் கலத்தியா, வரிக்குதிரைக் கலத்தியா, எல்லாம் இப்போது ஏட்டில் கோப்பர்ட்டியா. ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் தொட்டிகளில் அந்தப் பெயரை யார் ஒட்டப்போகிறார்கள்?

பெருக்க வேண்டுமா? கலத்தியா இலையைக் கிள்ளித் தண்ணீரில் வைத்துக் காத்திருப்பது வீண். மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்குத் தண்டை வேரோடும் இரண்டு மூன்று குருத்தோடும் பிரித்து நட வேண்டும். வெயில் தணிந்த ஆடி, ஆவணி அதற்கு ஏற்ற காலம். மரந்தாவை மட்டும் கணுவோடு வெட்டி வைத்தால் வேர் விடும்.

இந்தச் செடிகளில் விஷம் இல்லை. பூனை கடித்தாலும் நாய் மென்றாலும் ஆபத்து வராது. அதில் ஒரு சங்கடமும் உண்டு: தெருவாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால், பக்கத்து வீட்டு ஆடு இந்த விவரத்தை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கும்.